சித்தப்பாவின் வால் எலும்பில் வந்த கார்டோமா

திசுப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொந்தக்காரர் யாருக்காவது கட்டி என்றால், ஆளைப் பார்க்கப் போவதற்கு முன் ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லிக் கேட்போம். என் சித்தப்பாவின் ரிப்போர்ட்டில் 'கார்டோமா' என்று இருந்தது. முதுகெலும்பிலும் மண்டையோட்டின் அடியிலும் வருகிற ஓர் அரிய எலும்புப் புற்று அது. மார்பகம், தைராய்டு, கர்ப்பப்பை என்று நாள் முழுக்க பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) வெட்டுகிற எங்கள் லேபில் இந்தப் பெயர் எப்போதாவதுதான் காதில் விழும். பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவருக்கு வருகிற நோய் இது. தமிழ்நாட்டு ஜனத்தொகைக்கு அந்தக் கணக்கைப் போட்டால் வருடத்துக்கு 70, 80 பேர் தேறலாம். அந்த 70, 80 பேரும் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு டாக்டரிடம் இருப்பார்கள். எந்த டாக்டரும் இதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார். கண்ணால் பார்த்தவர் குறைவு. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சித்தப்பா அரசுப் பஸ் டிரைவர். உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிறவருக்கு இடுப்பு வலி என்றால் யார் ஆச்சரியப்படப் போகிறார்கள்? டிப்போவில் பாதிப் பேர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் வண்டி எடுக்கிறார்கள். ஆனால் அவருக்கு வந்த வலி அந்த வலி இல்லை. பெல்ட் கட்டுகிற இடத்துக்குக் கீழே, இரண்டு புட்டத்துக்கும் நடுவில், வால் எலும்புக்குச் சற்று மேலே வலித்தது. உட்கார்ந்தால் வலி, எழுந்து நின்றால் குறைவு. போகப் போக ராத்திரி மல்லாந்து படுத்தாலும் எழுப்பிவிட்டது. அப்புறம் மலச்சிக்கல். ரூட்டில் கிடைக்கிற புரோட்டாவையும் டீயையும் குறை சொல்லி, மூலத்துக்கு மருந்து வாங்கிப் போட்டார். சிறுநீர் கழிக்க நின்றால் வருவதற்கு நேரமானது. அது வயசுக் கோளாறு, புராஸ்டேட் என்றானது. மூன்று தொந்தரவுக்கு மூன்று டாக்டர், மூன்று சீட்டு. மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

இதற்கிடையில் முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். எல்4–எல்5 டிஸ்க், அதாவது இடுப்புப் பகுதியில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை, லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட். ஐம்பது தாண்டிய யாரைப் படுக்க வைத்துப் படம் எடுத்தாலும் அப்படி ஏதாவது ஒன்று இருக்கும். 'டிஸ்க்தான், பயப்படாதீங்க' என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிட்டும் பார்த்தாகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாதாரணமாக இடுப்பு வலிக்கு எடுக்கிற எம்ஆர்ஐ, கீழ் முதுகெலும்புகளைக் காட்டுவதற்காக எடுப்பது. அதற்குக் கீழே இருக்கிற சேக்ரம் எலும்பு பல படங்களில் பாதியோடு நின்றுவிடும். சித்தப்பாவின் பழைய படத்தைப் பிறகு லைட் பெட்டியில் மாட்டிப் பார்த்தபோது, சேக்ரத்தின் மேல் இரண்டு கண்டங்களோடு படம் முடிந்திருந்தது. கட்டி மூன்றாவது கண்டத்திலிருந்து கீழே. எக்ஸ்ரேயிலும் இந்த இடம் குடல் காற்றுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே வலி பெல்ட்டுக்குக் கீழே என்றால், ஸ்கேன் சீட்டில் 'சேக்ரம், காக்சிக்ஸ் முழுவதும்' என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள் (காக்சிக்ஸ் என்பது வால் எலும்பு). கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கடைசியில் கண்டுபிடித்தது எந்த மெஷினும் இல்லை. மூலத்துக்குக் காட்டப் போன இடத்தில் ஒரு சர்ஜன் கையுறை போட்டு விரலை விட்டுப் பார்த்தார். 'மூலம் எல்லாம் இல்லைங்க. பின்னாடி எலும்போட ஒட்டி என்னவோ கெட்டியா இருக்கு' என்றார். இரண்டு நிமிஷ வேலை. அதுவரை பார்த்த யாரும் அதைச் செய்யவில்லை. சேக்ரத்தில் வருகிற கார்டோமா பெரும்பாலும் முன்பக்கமாக, மலக்குடலை நோக்கித்தான் வளரும். அதனால் வெளியே முதுகில் தடவினால் ஒன்றும் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படும். நல்லவேளையாக, எலும்புக்கும் குடலுக்கும் நடுவில் இருக்கிற கெட்டியான உறை கட்டியைத் தடுத்து வைத்திருக்கும். குடல் சுவருக்குள்ளேயே புகுவது அரிது.

அடுத்து எடுத்த எம்ஆர்ஐயில், நீர் வெள்ளையாகத் தெரிகிற டி2 படத்தில் கட்டி வெள்ளை வெளேரென்று, கொத்துக் கொத்தாகப் பிரிந்து தெரிந்தது. ரிப்போர்ட்டின் கடைசியில் நான்கைந்து பெயர்கள்: கார்டோமா, ஜயன்ட் செல் கட்டி, காண்ட்ரோசார்கோமா (குருத்தெலும்புப் புற்று), வேறு எங்கிருந்தோ பரவிய புற்று, காசநோய். ரேடியாலஜிஸ்ட் போனில் பேசும்போது, சேக்ரத்தின் கீழ்ப்பாதியில், நட்டநடுவில், இந்த வயதில் என்றால் கார்டோமாவைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்றார். ஜயன்ட் செல் கட்டி என்றால் பெரும்பாலும் இன்னும் இளவயசு, சேக்ரத்தின் மேல்பகுதி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

'டிபியா இருக்கலாம், மாத்திரை ஆரம்பிச்சுப் பார்ப்போம்' என்றும் ஒருவர் சொன்னார். சித்திக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. டிபி என்றால் மாத்திரையில் போய்விடுமே. நம் ஊரில் முதுகெலும்பு டிபி நிறைய என்பதும் உண்மை. ஆனால் எலும்பில் கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, திசு எடுத்துப் பார்க்காமல் மாத்திரை போட்டுப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சித்தியோடு இதற்காகச் சண்டையே போட்டேன்.

சரி, திசு எடுக்கலாம். யார், எந்த வழியாக எடுப்பது? இந்த நோயில் மற்ற எதையும் விட முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் கட்சி. எங்களுக்கு இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, விரலுக்கே எட்டுகிறதே, ஆசனவாய் வழியாக ஊசி விட்டு எடுத்துவிடலாம். இன்னொன்று, ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், 'திறந்து எடுத்துட்டு, எடுத்ததை லேபுக்கு அனுப்பலாம், ஒரே செலவு' என்றார்கள். இரண்டுமே கூடாது. ஏன் கூடாது என்பதற்கு அந்தத் திசுவைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். சாம்பல் நிறமாக, பாதி ஒளி புகுகிற மாதிரி, இளநுங்கு போலக் கொழகொழவென்று இருக்கும். அழுத்தினால் வழுக்கும், கீறினால் வழியும். வழிகிற அந்தக் கூழில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் சிந்துகிறதோ அங்கே ஒட்டிக்கொண்டு மெதுவாக வளரக் கூடியவை அவை. ஊசி போன பாதையிலேயே கட்டி திரும்ப வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஆசனவாய் வழியாக ஊசி போனால், அதுவரை கட்டி தொடாத மலக்குடலையும் சேர்த்து வெட்ட வேண்டிய நிலை வரலாம்.

அதனால் முதுகுப் பக்கத்திலிருந்து, நடுக்கோட்டில், பின்னால் ஆபரேஷனுக்குக் கீறப் போகிற அதே கோட்டில் ஊசி போக வேண்டும். ஆபரேஷனின்போது அந்த ஊசிப் பாதையையும் தோலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிடுவார்கள். அப்படியானால் ஊசி எங்கே குத்த வேண்டும் என்று முடிவு செய்கிறவர், கடைசியில் கத்தி பிடிக்கப் போகிற சர்ஜனாக இருக்க வேண்டும். நாங்கள் ஊரில் எதையும் தொட விடாமல், எலும்புக் கட்டிக்கென்று தனி டீம் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கே சிடி ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி போட்டு எடுத்தார்கள். குத்திய இடத்தில் பச்சை குத்துவது போல ஒரு சின்ன மைப்புள்ளியும் வைத்தார்கள், பின்னால் இடம் தவறிவிடக் கூடாது என்று. 'இவ்வளவு நாள் பொறுத்தாச்சு, இன்னும் ரெண்டு வாரத்தில கட்டி ஓடியா போயிடும்?' என்று அங்கிருந்த சீனியர் டாக்டர் சிரித்தார். அவர் சொன்னது சமாதானத்துக்கு இல்லை. மெதுவாக வளர்கிற கட்டி இது. அந்த நிதானத்தினால்தான் பல வருடம் ஏமாற்றுகிறது. அதே நிதானம்தான் சரியான ஆளைத் தேடிப் போக நமக்கு அவகாசமும் தருகிறது.

இனி என் பக்கத்து வேலை. எலும்போடு வருகிற திசுவை அப்படியே வெட்ட முடியாது. ஆசிடில் ஊறப்போட்டு சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டுத்தான் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மெல்லிசாகச் சீவுவோம். அந்த ஆசிட் சில புரதங்களைக் கெடுத்துவிடும். கார்டோமாவை உறுதி செய்கிற பிராக்கியூரி என்கிற மார்க்கரும், அதாவது அடையாளப் புரதமும், அப்படிக் கெடக்கூடிய ஒன்று. கார்டோமாதான் என்றாலும் சாயம் பிடிக்காமல் 'இல்லை' என்று காட்டிவிடும் அபாயம் உண்டு. ஆகவே எலும்பில்லாத மெத்தென்ற துண்டுகளைத் தனியாகப் பிரித்து, ஆசிட் படாமல் ஒரு பிளாக் போட வேண்டும். அங்கிருந்த டெக்னீஷியனிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். 'தெரியும்க்கா, அப்பவே பிரிச்சாச்சு' என்றான் அந்தப் பையன். நிம்மதியாக இருந்தது. எல்லா இடத்திலும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. பயாப்சி எடுக்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடை நானும் பார்த்தேன். இளநீலமாகச் சாயம் ஏறிய கூழுக்கு நடுவில் செல்கள் கயிறு கயிறாக வரிசை கட்டி நின்றன. அதில் சில செல்களுக்குள் வயிறு முழுக்கக் குமிழிகள். உட்கரு குமிழிகளுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்தது. இந்தக் குமிழிச் செல்களை 1857-லேயே ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ விவரித்து எழுதியிருக்கிறார். அவர் அதைக் குருத்தெலும்பிலிருந்து வந்தது என்று நினைத்தார். அது முதுகுநாணிலிருந்து வந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். 1894-ல் ரிப்பர்ட் கார்டோமா என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

முதுகுநாண் என்பது பள்ளி விலங்கியலில் படித்ததுதான். கரு உருவாகிற ஆரம்ப வாரங்களில் நடுமுதுகில் ஒரு மெல்லிய தண்டு தோன்றும். எங்கே தண்டுவடம் வர வேண்டும், எங்கே முதுகெலும்பு வர வேண்டும் என்று சுற்றியிருக்கிற செல்களுக்குச் சைகை கொடுப்பது அதுதான். எலும்புகள் அதைச் சுற்றி உருவானதும் அதன் வேலை முடிந்து மறைந்துவிடும். டிஸ்க்குகளின் நடுவில் இருக்கிற ஜெல்தான் மிச்சம். ஆனால் சிலருக்கு எலும்புக்குள்ளேயே துளித்துளியாக அந்தச் செல்கள் தங்கிவிடும். குறிப்பாகத் தண்டின் இரண்டு முனைகளில், அதாவது மேலே மண்டையோட்டின் அடித்தளத்திலும் கீழே சேக்ரத்திலும். கார்டோமாவும் பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளில்தான் வருகிறது. நடு முதுகெலும்பில் வருவது குறைவு. தங்கிய செல்கள் எல்லாமே புற்றாகிவிடாது. கெடுதல் இல்லாத சாதுவான முதுகுநாண் கட்டி என்று ஒன்று தனியாக உண்டு. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அது தற்செயலாகத் தெரியும், பெரும்பாலும் கண்காணித்தால் போதும். அதைக் கார்டோமா என்று நினைத்து யாரும் அவசரப்பட்டு வெட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிராக்கியூரி என்பது முதுகுநாண் உருவாவதற்குத் தேவையான புரதம். உட்கருவுக்குள் இருந்துகொண்டு மற்ற மரபணுக்களை இயக்குகிற வகை. முதுகுநாணின் வேலை முடிந்ததும் இதுவும் அடங்கிப் போக வேண்டும். கார்டோமா செல்களில் அது அடங்குவதில்லை. 2006-ல் இதைக் கார்டோமாவின் அடையாளமாகக் கண்டுபிடித்த பிறகு, காண்ட்ரோசார்கோமாவா கார்டோமாவா என்று மண்டையை உடைத்துக்கொள்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. எஸ்-100 என்ற இன்னொரு புரதத்துக்கான சாயம் இரண்டிலும் பிடிக்கும். கெரட்டினும் பிராக்கியூரியும் கார்டோமாவில் பிடிக்கும், சாதாரண காண்ட்ரோசார்கோமாவில் பிடிக்காது. சித்தப்பாவின் ஸ்லைடில் உட்கருக்கள் எல்லாம் பழுப்பாக ஜொலித்தன. டெக்னீஷியனாகப் பார்த்தால் அழகான ஸ்லைடு. அதைச் சித்தியிடம் சொல்லிக்கொள்ள முடியுமா?

சித்தி கேட்டது வேறு. 'வண்டி ஓட்டி ஓட்டித்தானே வந்துச்சு? அப்பவே செக்கிங் டூட்டிக்கு மாத்தச் சொன்னேன்.' இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததாலோ, எப்போதோ வழுக்கி விழுந்ததாலோ இது வருவதில்லை. புகை, குடி, சாப்பாடு எதையும் காரணம் காட்ட முடியாது. தம்பி, அதாவது அவர் மகன், தனக்கும் வருமா என்று பயந்தான். பிராக்கியூரி மரபணு இரட்டிப்பாகிப் பரம்பரையாக வருகிற குடும்பங்களை 2009-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது உலகத்திலேயே விரல் விட்டு எண்ணுகிற அளவு குடும்பங்கள். வேறு யாருக்கும் வீட்டில் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

ரிப்போர்ட்டில் எந்த வகை என்பதையும் பாருங்கள். 'கன்வென்ஷனல்' என்றால் வழக்கமான வகை, மெதுவானது. மண்டையோட்டின் அடியில் வருவதில் குருத்தெலும்பு போலத் தெரிகிற ஒரு வகை உண்டு. 'டிடிஃபரன்ஷியேட்டட்' என்று இருந்தால் வேகமானது, நிதானமாக யோசிக்கலாம் என்று நான் மேலே சொன்னது அதற்குப் பொருந்தாது. குழந்தைகளிடமும் இளவயதினரிடமும் வருகிற 'பூர்லி டிஃபரன்ஷியேட்டட்' வகையில் ஐஎன்ஐ-1 என்ற புரதம் காணாமல் போயிருக்கும், அதுவும் வேகமானது.

நெட்டில் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ஆயுள் கணக்கு. அமெரிக்காவில் 1973 முதல் 1995 வரை பதிவான 400 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஐந்து வருடம் தாண்டியவர்கள் சுமார் 68 சதவீதம், பத்து வருடம் தாண்டியவர்கள் சுமார் 40 சதவீதம். இந்த எண்கள்தான் இன்னும் எல்லா இடத்திலும் சுற்றுகின்றன. அதில் பலருக்கு எம்ஆர்ஐ பரவலாவதற்கு முன்பே நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை யாரும் கூடவே சொல்வதில்லை. எனக்கு இந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளத் தோன்றியது வேறு: ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் எண் எவ்வளவு இறங்குகிறது பாருங்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்று மற்ற புற்றுகளில் சொல்கிற கணக்கு இங்கே செல்லாது.

சாதாரண கீமோ இதற்கு வேலை செய்வதில்லை. வேகமாகப் பெருகுகிற செல்களைத்தான் கீமோ நன்றாக அடிக்கும். இது மெதுவாகப் பெருகுகிற ஜாதி. இமாட்டினிப் மாதிரி மாத்திரைகளை ஆபரேஷனுக்கு வழியில்லாதவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சிலருக்குக் கொஞ்ச காலம் வளராமல் நிற்கிறது, அவ்வளவுதான். பிராக்கியூரியையே முடக்குகிற மருந்துக்காக ஆராய்ச்சி நடக்கிறது. அமெரிக்காவில் கார்டோமா வந்த ஒரு கல்லூரி மாணவரும் அவர் அம்மாவும் சேர்ந்து 2007-ல் தொடங்கிய கார்டோமா ஃபவுண்டேஷன் அதற்குப் பின்னால் நிற்கிறது. அவர்கள் தளத்தில் நோயாளிகளுக்கான கையேடு இருக்கிறது. ஆங்கிலத்தில்தான், இருந்தாலும் டாக்டரைப் பார்க்கப் போகும் முன் வீட்டில் ஒருவராவது படித்துவிடுவது நல்லது.

ஆக, ஆபரேஷன்தான் பிரதானம். அதுவும் கட்டியை உடைக்காமல், சுற்றிலும் நல்ல திசுவோடு ஒரே துண்டாக எடுக்க வேண்டும். அதற்கு விலை என்ன என்பது எந்த நரம்பு வரை வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சேக்ரத்திலிருந்து எஸ்1 முதல் எஸ்5 வரை ஜோடி ஜோடியாக நரம்புகள் வருகின்றன. எஸ்1 காலுக்கு; நடையில் அதன் பங்கு பெரிது. எஸ்2, எஸ்3, எஸ்4 சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் தாம்பத்தியத்துக்கும். இரண்டு பக்க எஸ்2-வும், கூடவே ஒரு பக்க எஸ்3-யாவது தப்பினால் சிறுநீரும் மலமும் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்க நல்ல வாய்ப்பு. எஸ்2-வும் போனால் சிறுநீருக்கு டியூப்தான். சர்ஜன் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டு, 'இது உங்களுக்கு இருக்கும், இது இருக்காது, இது ஐம்பது ஐம்பது' என்று பேனாவால் காட்டினார். சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: 'நடப்பேன்ல சார்?' தாம்பத்தியம் பற்றி அவரும் கேட்கவில்லை, சித்தியும் கேட்கவில்லை. டாக்டரே இருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேசினார். எல்லா டாக்டரும் அப்படிச் செய்வதில்லை, அதனால் வயசு குறைந்தவர்கள் இதை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் எலும்பு சர்ஜன், குடல் சர்ஜன், பிளாஸ்டிக் சர்ஜன் மூவரும் இருந்தார்கள். காலையில் உள்ளே போனவர் இருட்டின பிறகுதான் வெளியே வந்தார். அதற்கப்புறம்தான் எங்களுக்கு வேலை. அந்த இடத்துக் காயம் ஆறுவது கஷ்டம். ஆசனவாய் பக்கத்தில் இருப்பதால் கிருமி சுலபமாக ஏறும். மல்லாந்து படுக்கக் கூடாது, உட்காரக் கூடாது. வாரக்கணக்கில் குப்புறவும் ஒருக்களித்தும்தான் படுக்கை. காயத்தில் ஒருமுறை சீழ் வைத்து மறுபடி சுத்தம் செய்தார்கள். இதை முன்கூட்டியே எதிர்பார்த்து லீவும் பணமும் வைத்துக்கொள்ளுங்கள். 'ஆபரேஷன் முடிஞ்சா வீடு' என்கிற கணக்கு இங்கே தப்பு.

திசு ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடியது மார்ஜின், அதாவது வெட்டிய ஓரத்துக்கும் கட்டிக்கும் நடுவில் எவ்வளவு நல்ல திசு இருக்கிறது என்பது. ஓரிடத்தில் மட்டும் நெருக்கமாக இருந்தது. கார்டோமாவுக்கு சாதாரண அளவு கதிர்வீச்சு பற்றாது. 70 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு), அதற்கு மேலும் தேவைப்படும். அவ்வளவையும் கொடுத்தால் பக்கத்தில் இருக்கிற குடலும் நரம்பும் தாங்காது. புரோட்டான் கதிர் குறிப்பிட்ட ஆழத்தில் போய் நின்றுவிடும், அதைத் தாண்டிப் போகாது என்பதால் இந்த நோய்க்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னையில் தரமணியில் 2019 முதல் அப்போலோவின் புரோட்டான் மையம் இருக்கிறது. மும்பை பக்கம் கார்கரில் டாடா நினைவு மையத்திலும் வந்திருக்கிறது. ஜப்பானில் சிபா நகரத்தில் 1994 முதல் புரோட்டானை விடக் கனமான கார்பன் அயனிக் கதிரை வைத்தே சிகிச்சை தருகிறார்கள், ஆபரேஷன் செய்ய முடியாத சேக்ரம் கட்டிகளுக்கும்கூட. புரோட்டான் செலவு பல லட்சம். காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பின்னால் அலைய உடம்பும் மனசும் இருக்காது. புரோட்டானுக்கு வசதி இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரின் அளவை மாற்றித் தருகிற நல்ல ஐஎம்ஆர்டி மெஷினில் குடலைத் தள்ளிவைத்துக் கவனமாகத் திட்டமிட்டு அதிக அளவு கொடுக்கிற மையங்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி, 'மொத்தம் எத்தனை கிரே கொடுக்கப் போறீங்க?' என்பதுதான். ஐம்பது என்று பதில் வந்தால் இன்னொரு இடத்தில் விசாரியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு யாரும் சொல்லித் தராத விஷயங்கள் சில. புட்டத்துக்கு நடுவிலும் தொடையின் உள்பக்கமும் மரத்துப் போயிருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வெந்தாலும் தெரியாது, கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெயிலில் நின்ற பைக் சீட்டும் அப்படித்தான். தினமும் ராத்திரி சித்தி டார்ச் அடித்து அந்த இடத்தில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். படுக்கைப் புண் ஆரம்பிக்கும்போது வலிக்காது என்பதால் கண்தான் பார்க்க வேண்டும். சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்கியது. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை அவரே டியூப் விட்டு எடுத்துவிடக் கற்றுக்கொண்டார். முதலில் கண்ணீர் விட்டார், பிறகு பல் தேய்ப்பது மாதிரி பழகிவிட்டது. கை கழுவுவதும் நேரம் தவறாமல் எடுப்பதும்தான் இதில் முக்கியம். தேங்க விட்டால் பின்னோக்கிப் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் அடிக்கடி வருகிறதே என்று தண்ணீரைக் குறைக்கவும் கூடாது. மலத்துக்குக் காலைச் சாப்பாடு முடிந்த கையோடு, தினம் ஒரே நேரம், வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்கார வேண்டும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் என்பதால் அந்த நேரம். வாழைத்தண்டு, கீரை எல்லாம் சரி, ஆனால் ரொம்ப இளகிவிட்டால் அடக்க முடியாமல் போகும். அளவு பிடிபட மாதக்கணக்கில் ஆனது. நடுவில் ஓட்டை போட்ட வட்டத் தலையணையைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். சித்தப்பாவுக்கு அது ஓரங்களில் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்தது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி பின்பக்கம் மட்டும் வெட்டிவிட்ட கெட்டி ஃபோம் நன்றாக வேலை செய்தது.

இப்போது சித்தப்பா கைத்தடி ஊன்றி பஜார் வரைக்கும் போய் வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐயும் நெஞ்சுக்கு ஸ்கேனும்; கார்டோமா பரவினால் நுரையீரல், எலும்பு, கல்லீரல், தோல் என்று எங்கும் போகலாம், அதுவும் வருடங்கள் கழித்து. ஆபரேஷன் தழும்பின் மேல் சின்னக் கட்டி எது தென்பட்டாலும் கொழுப்புக் கட்டி என்று விடாமல் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஃபிலிமோடு, படங்கள் பதிந்த சிடி தட்டையும் வாங்கி வருகிறோம். ஒரே மெஷினில், ஒரே இடத்தில் எடுத்தால் ஒப்பிடுவது சுலபம். தழும்பா கட்டியா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது பழைய படம்தான்.

இன்னொன்று, என் தொழில் சம்பந்தப்பட்டது. ஸ்லைடு கொடுத்தார்கள் என்று வாங்கி வந்துவிடாதீர்கள், மெழுகு பிளாக்கையும் கேளுங்கள். ஸ்லைடில் ஏற்கெனவே சாயம் போட்டாகிவிட்டது. புது டெஸ்ட் எதற்கும் பிளாக்தான் வேண்டும். இன்னும் ஆறேழு வருடம் கழித்துப் புது மருந்து ஏதாவது வந்து, பழைய திசுவில் பார்க்க வேண்டும் என்றால் அப்போது தேட முடியாது. லேப்கள் பிளாக்குகளைக் காலம் முழுக்க வைத்திருப்பதில்லை. எழுதிக் கொடுத்தால் தருவார்கள். வாங்கும்போது ஒவ்வொரு பிளாக்கின் நம்பரும் ரிப்போர்ட்டில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எதில் ஆசிட் படவில்லை என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டில் ஈரமில்லாத, வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும். காரில் டேஷ்போர்டு மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள், நம் ஊர் மே மாத வெயிலில் மெழுகு இளகிவிடும்.